டெல்ஃபியா ஸ்டாம்பரின் முன்சுவர்

டெல்ஃபியா ஸ்டாம்பர் அடுப்படியில் கொட்டிவைத்த உருளைக்கிழங்குகள் தாமாகவே கிளம்பி முன்வாசல் பக்கம் உலாவப் போக ஆரம்பித்த பிறகுதான், வீட்டுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவள் ஒப்புக்கொண்டாள். அதற்கு முன்பே காபிக் கோப்பை மேசைமேல் நகர்ந்திருக்கிறது. மேசை சரியில்லை என்றாள். கட்டில் கால்மாட்டுப் பக்கம் சாய்ந்தது. கட்டில் கிழடாகிவிட்டது என்றாள். உருளைக்கிழங்கின்மேல் பழி போட மட்டும் அவளுக்கு மனம் வரவில்லை. அவள் கையால் நட்டு அவள் கையால் தோண்டியது.

கிரேவன் ஓடை என்பது கென்டக்கியின் கிழக்கு மலைகளில், இரண்டு மலைகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கிற இடுக்கு. சூரியன் வேறெங்கோ காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டுதான் அங்கே எட்டிப் பார்க்கும். சேவல்கள் பத்து மணிக்குக் கூவும். சரிவு எப்படிப்பட்டதென்றால், அண்டைவீட்டு ஹோபர்ட் ஸ்லோனின் பசு ஒருநாள் மேயும்போது கால் தவறி, உருண்டு வந்து நேரே சமையலறை வாசலில் நின்றதாம். அவன் பெண்டாட்டி ஓமா வாளியை வைத்துக் கறந்துவிட்டு மறுபடி மேலே ஓட்டிவிட்டாளாம். வாளியில் விழுந்தது பாலாக இல்லை, வெண்ணெயாகவே விழுந்தது என்று ஹோபர்ட் சேர்த்துச் சொல்வான். அந்தப் பகுதியை மட்டும் நம்ப வேண்டியதில்லை.

அந்த ஓடையின் கரையில், பாதை வளைகிற இடத்தில் டெல்ஃபியாவின் வீடு. வெள்ளை அலுமினியத் தகடு போர்த்திய வீடு. அடியில் சிமென்ட் கல் கட்டி, கல்லை ஒட்டி மண் குவித்து, மண்ணில் டேலியாப் பூக்கள். டவுனில் இருக்கிற எந்த வீட்டோடும் நிறுத்திப் பார்க்கலாம். அப்படி நிறுத்திப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் அவள் நாற்பது வருஷமாகப் பாடுபட்டாள். கணவன் எஸ்டில் நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து கரியும் சளியுமாக வந்து உட்காரும்போதெல்லாம் வீட்டுக்கு ஏதாவது ஒரு வேலை சொல்லுவாள். முதலில் அறுத்த பலகை அடித்தார்கள். பிறகு செங்கல் மாதிரி அச்சடித்த தார்த்தாள். கடைசியாக இந்தத் தகடு. எஸ்டில் போய்ப் பல வருஷமாயிற்று. தகடு மட்டும் பல் விளக்கினதுபோல் இருந்தது.

பிள்ளை கிடையாது. அக்கா மகன் வெர்லின், மின்சாரக் கம்பி வேலை பார்ப்பவன், நாற்பதைத் தாண்டியவன், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவான். அவன்தான் மாவட்ட ஆபீஸிலிருந்து வீட்டுப் பரிசோதகரைக் கூட்டிவந்தான். அந்த மனிதர் பின்பக்கத்துச் சின்னக் கதவு வழியாக வீட்டின் அடியில் புகுந்து, மண்ணும் சிலந்தி வலையுமாக வெளியே வந்தார்.

"வீட்டைத் தாங்கற முன்பக்கத்து அடிக்கட்டை போயிடுச்சும்மா. அடுப்பு அந்தப் பக்கம் சாஞ்சிட்டு வருது. நெருப்பு இருக்கிற அடுப்பு. முதல் பனி விழறதுக்குள்ள சரி பண்ணலைன்னா, நீங்க இங்க தங்கறதுக்கு நான் ஒத்துக்க முடியாது."

"நான் உங்ககிட்ட ஒப்புதல் கேட்டு இங்க வரலையே, தம்பி."

"சித்தி!" என்றான் வெர்லின்.

"என்னடா சித்தி? வீடு சாஞ்சா நானும் சாஞ்சு நடந்துட்டுப் போறேன்."

பரிசோதகர் சிரிக்கவில்லை. நல்ல மனிதர்தான். போன குளிர்காலத்தில் பக்கத்துப் பள்ளத்தில் அப்படிச் சாய்ந்த அடுப்பு ஒரு கிழவரை வீட்டோடு கொண்டுபோயிருந்தது. அதை வெர்லினிடம் ஒதுக்குப்புறமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வெர்லினுக்குச் சுரங்கப் பக்கத்து ஒப்பந்தக்காரர்கள் இரண்டு பேரைத் தெரியும். இருவரும் வந்து பார்த்து, தலையைச் சொறிந்து, இதற்கு இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிவிடலாம் என்றார்கள். அதற்குப் பணம் இல்லை. அப்போதுதான் ரோவீனா ப்ரூயிட் வந்தாள்.

ரோவீனா முன்னாள் பள்ளிக்கூட வாத்தியார். இப்போது மாவட்டத்துப் பழைய கட்டடங்களைக் காப்பாற்றுகிற குழுவுக்கு அவள்தான் தலைவி. பழைய சிறைச்சாலை, மூடின வங்கி, ரயில் நிற்காத ரயில் நிலையம் எல்லாம் அவள் புண்ணியத்தில் நின்றுகொண்டிருந்தன. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு எந்த ஓடையிலும் இறங்குவாள். அன்று டெல்ஃபியாவின் முன்னறையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது, அவள் பார்வை ஜன்னலுக்குப் போய்ப் போய் வந்தது.

பலகை வீட்டு ஜன்னலின் திண்டில் ஒரு ஊசிப் பெட்டி வைக்கக்கூட இடம் இருக்காது. டெல்ஃபியாவின் ஜன்னல் திண்டிலோ ஒரு பூனை நீட்டிப் படுக்கலாம். சுவர் அவ்வளவு தடிமன். அதை மறைக்கத்தான் மடிப்பு மடிப்பாகத் திரை, அதற்கு முன்னால் பூந்தொட்டிகள்.

"மிஸஸ் ஸ்டாம்பர், இந்தச் சுவத்துக்குள்ள இருக்கிறது செதுக்கின பாப்லர் மரக் கட்டை, இல்லையா?"

"பலகை வீடும்மா இது."

"சுவர் ரொம்ப அகலமா இருக்கே."

"எங்க வீட்டுக்காரர் தாராள மனசுக்காரர். ஒரு பலகைக்கு ரெண்டு பலகையா அடிச்சிட்டார்."

ரோவீனா கோப்பையைக் கீழே வைத்தாள். மாவட்டத்தில் முழு மரத்தைச் செதுக்கி அடுக்கின கட்டை வீடுகள் அநேகமாகத் தீர்ந்துவிட்டன, பணக்காரர்கள் ஆள் வைத்துப் பிரித்து, லாரியில் ஏற்றி, எங்கோ ஏரிக்கரையில் விடுமுறை வீடாகக் கட்டிக்கொள்கிறார்கள், இருந்த இடத்திலேயே இருக்கிற வீடு ஒன்றுகூட மிஞ்சாது என்றாள். குழு அடிக்கட்டையை மாற்றித் தரும், கூரையையும் பார்த்துத் தரும், டெல்ஃபியா கடைசிவரை இங்கேயே இருக்கலாம் என்றாள்.

"ஆனா முன்பக்கத்துத் தகட்டை எடுத்துடணும். கட்டை வெளிய தெரியணும். பாதையோரம் ஒரு பெயர்ப் பலகை வெப்போம். வருஷத்துக்கு ஒரு நாள் ஜனங்க வந்து பாத்துட்டுப் போவாங்க. ஒரு போட்டோவும் எடுத்துக்குவோம், அவ்வளவுதான்."

டெல்ஃபியா எழுந்து நின்றாள். நின்ற வேகத்தில் தரை முனகிற்று.

"காபி ஆறிடும், குடிச்சிட்டுக் கிளம்பும்மா" என்றாள்.

அவளுடைய கோபத்துக்கு வயது அறுபது. டெல்ஃபியா பிறந்தது வேறொரு ஓடையில், வேறொரு கட்டை வீட்டில். ஒன்பது வயதில் ஒருநாள், காரில் ஒரு ஆள் வந்தான். நகரத்துப் பத்திரிகைக்காரன். இனிக்க இனிக்கப் பேசினான். சுவரோரமாக நிற்கச் சொன்னான். நின்றாள். செருப்பைக் கழற்றச் சொன்னான். கழற்றினாள். அம்மா அப்போதுதான் உள்ளே போய்த் தலை வாரிக்கொண்டு வர இருந்தாள். வார வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றான். அந்தப் படம் நாடெல்லாம் போயிற்று. கட்டைச் சுவர், கட்டை இடுக்கில் களிமண், முன்னால் வெறுங்காலோடு ஒரு பெண் குழந்தை. மலைக்காரர்களின் ஏழ்மை என்று எழுதியிருந்தது. பெட்டி பெட்டியாகப் பழைய துணி வந்து இறங்கியது. டெல்ஃபியாவின் அப்பா அதுவரை யாரிடமும் கை நீட்டாதவர். அந்தப் பெட்டிகளைத் திருப்பி அனுப்ப விலாசம் தேடிக்கொண்டே இருந்தார். பள்ளிக்கூடத்தில் டவுன் பெண்கள் அவளுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். கட்டைவீட்டுக்காரி. பத்து வருஷம் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்திருக்கிறாள்.

அதனால்தான் எஸ்டிலைக் கட்டிக்கொண்டு இந்த ஓடைக்கு வந்து, வண்டியிலிருந்து இறங்கி, எதிரே நின்ற வீட்டைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்தது. எஸ்டிலின் கொள்ளுத்தாத்தா செதுக்கின வீடு. ஒவ்வொரு கட்டையும் ஒரு ஆள் அணைக்க முடியாத தடிமன். மூலையில் விரலோடு விரல் கோத்ததுபோல் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றன. எஸ்டில் பெருமையாகக் காட்டினான். அவள் சொன்ன முதல் வார்த்தை: "இதை மூடு."

மூடினான். ஓடைக்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் மூடினான். அவர்களெல்லாம் அந்தக் கட்டைமேல் ஏறி விளையாடி வளர்ந்தவர்கள். ஆனால் மூடின பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒரு நாளும், ஒரு சண்டையிலும், குடித்திருக்கும்போதுகூட. அங்கே அது ஒரு மரியாதை. ஒருத்தர் மூடி வைத்ததை இன்னொருத்தர் வாயால் திறப்பதில்லை. அப்படிப் பேசாமலே போன வருஷங்களில், கட்டையே இல்லை என்று டெல்ஃபியாவுக்கும் நம்பிக்கை வந்துவிட்டது.

அக்டோபர் பாதியில் மலை உச்சியில் இலைகள் உதிர்ந்தாயிற்று. வெர்லின் அவளை டவுனுக்கு அழைத்துப் போய் முதியோர் குடியிருப்பைக் காட்டினான். நாலாவது மாடி. கம்பளம், சுவரில் ஒரு பொத்தானைத் திருகினால் வெப்பம், திறக்க முடியாத ஜன்னல், கீழே வண்டி நிறுத்துமிடம். தரை அவ்வளவு சமமாக இருந்ததில் அவளுக்குத் தலை சுற்றியது. எதிர்வீட்டுக் கதவைத் திறந்து ஒரு கிழவி பார்த்தாள்.

"நான் டெல்ஃபியா ஸ்டாம்பர், கிரேவன் ஓடை. நீங்க யாரு வீட்டுப் பொண்ணு?"

"நாலு-பி" என்றாள் அந்தக் கிழவி. கதவைச் சாத்திக்கொண்டாள்.

திரும்பி வரும்போது, பாலத்தருகே வந்ததும் டெல்ஃபியா, "ஹோபர்ட் வீட்டுல இறக்கிவிடுடா" என்றாள்.

"அவர்கிட்ட என்ன சித்தி?"

"வேலை நாள் கேக்கப் போறேன்."

வெர்லின் வண்டியை நிறுத்திவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தான். வேலை நாள் என்றால் ஓடையே கூடி வந்து ஒருத்தர் வீட்டு வேலையை ஒரே நாளில் முடித்துத் தருவது. கூலி கிடையாது, சோறு உண்டு. ஆனால் ஒரு கட்டுப்பாடு. வீட்டுக்காரர் தானே நடந்து வந்து, என்ன வேலை என்று தன் வாயால் சொல்லிக் கேட்க வேண்டும். ஆள் விட்டுக் கேட்டால் யாரும் வர மாட்டார்கள். கேட்காமல் போய் நின்றால் அது பிச்சை போடுவதுபோல. கூரைக்கு, கிணற்றுக்கு, களஞ்சியத்துக்கு என்று எல்லார் வீட்டிலும் நடந்திருக்கிறது. டெல்ஃபியா எல்லாருக்கும் சமைத்துப் போட்டிருக்கிறாள். தனக்கென்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்டால் தகட்டைக் கழற்ற வேண்டியிருக்குமே.

ஹோபர்ட் வாசலில் உட்கார்ந்து மரம் அறுக்கிற ரம்பச் சங்கிலிக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தான். அவளைவிட ரெண்டு வயது மூத்தவன். சுரங்கத்தில் பாதிக் காதை விட்டுவிட்டு வந்தவன்.

"என்ன டெல்ஃபியா, டவுன் மாப்பிள்ளை பாத்துட்டு வர்றியா?"

"பாத்தேன். உன்னைவிடக் கிழடு எல்லாம்."

"அப்போ ரொம்பக் கஷ்டம்தான். உக்காரு."

அவள் உட்காரவில்லை. கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அரம் சங்கிலியில் உரசுகிற சத்தம் நின்றது. ஹோபர்ட்டுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் அவன் எடுத்துக் கொடுக்கக்கூடாது. அவள் வாயிலிருந்து வர வேண்டும். ஓடைப் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

"ஹோபர்ட், எனக்கு ஒரு வேலை நாள் வேணும். முன்பக்கத்து அடிக்கட்டை போச்சு. வீட்டைத் தூக்கி மாத்தணும்." நிறுத்தினாள். "அது பலகை வீடு இல்ல. கட்டை வீடு. என் வீடு... நான் கட்டைவீட்டுக்காரி."

ஹோபர்ட் புருவத்தைத் தூக்கினான். "கட்டையா? அட! நெசமாவா?"

உள்ளேயிருந்து ஓமாவின் குரல் வந்தது. "ஹோபர்ட், வாயை மூடு. அந்தத் தகட்டுல பாதி நீ அடிச்சது."

"மரியாதைக்குச் சொன்னேன்டீ."

ஓமா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். டெல்ஃபியாவின் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். சமையலறை அலமாரியில் மாவு டப்பாக்களை நகர்த்தி, பின்பலகையைக் கழற்றினாள். பின்னால் கோடரி வெட்டு தெரிகிற கட்டை, புகையில் கறுத்தது.

"உன் அலுமினியத்தப் பாத்துட்டுத்தான் நானும் இவரை நச்சரிச்சேன்" என்றாள் ஓமா. "நீ மட்டும்தான் கட்டையில இருந்து வந்தேன்னு நெனச்சியா? இந்த ஓடையில தகட்டைத் தட்டிப் பாத்தா பாதி வீடு இப்படித்தான் பதில் சொல்லும். இப்ப உக்காரு. அழறதுன்னா உக்காந்து அழு."

டெல்ஃபியா உட்கார்ந்தாள். அழவில்லை என்றுதான் ஓமா கடைசிவரை எல்லாரிடமும் சொன்னாள்.

நவம்பர் முதல் சனிக்கிழமை, தரையில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. ஓடைக்காரர்கள் வந்தார்கள். சுரங்கத்தில் கூரையைத் தாங்குகிற ஜாக்கிகளை ஹோபர்ட் எங்கிருந்தோ கொண்டுவந்திருந்தான். எங்கிருந்து என்று கேட்பவர்களுக்கு அன்று சோறு கிடையாது என்றான். வெள்ளை ஓக் மரம் டெல்ஃபியாவின் மலையிலேயே வெட்டப்பட்டு, செதுக்கப்பட்டு, முற்றத்தில் கிடந்தது. பெண்கள் பீன்ஸை உப்புப் பன்றிக்கறியோடு இரண்டு பெரிய பானைகளில் ஏற்றினார்கள். சோள ரொட்டியும், உலர்ந்த ஆப்பிள் தடவிய அடுக்கு கேக்கும் வந்து சேர்ந்தன. ரோவீனாவும் ரப்பர் பூட்ஸோடு வந்து நின்றாள். யாரும் அழைக்கவில்லை. டெல்ஃபியா அவளைப் பார்த்து, "உருளைக்கிழங்கு தோல் சீவத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்றாள். அதோடு சரி.

முதலில் சிமென்ட் கல்லைப் பெயர்த்தார்கள். பிறகு குவித்த மண்ணை வெட்டினார்கள். மண் நகர நகர, அடிக்கட்டை வெளியே வந்தது. கட்டை என்று சொல்ல அங்கே எதுவும் மிச்சமில்லை. காபி வடித்த பிறகு தங்குகிற சக்கைபோல, ஈரமாக, கருப்பாக, கையில் அள்ளினால் பொடிந்தது. அந்த வீடுகள் கல் தூண்மேல் நின்று, அடியில் காற்று போய் வர வேண்டும் என்று கட்டப்பட்டவை. அவள் கல்லை வைத்துக் காற்றை அடைத்து, மண்ணைச் சேர்த்து, கோடை முழுவதும் டேலியாவுக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். கட்டை குடித்திருக்கிறது.

வேலை செய்த அத்தனை பேருக்கும் பார்த்ததும் தெரிந்தது. ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

"சித்தி, இந்தப் பூவெல்லாம்தான்..." என்று வெர்லின் ஆரம்பித்தான்.

ஹோபர்ட் அவன் கையில் மண்வெட்டியைக் கொடுத்தான். "தோண்டு மாப்ள. பேசினா கை நின்னுடும்."

டெல்ஃபியா வந்து பார்த்தாள். சக்கையை விரலால் தொட்டாள். பிறகு குனிந்து, உறைபனியில் கறுத்துப்போன டேலியாத் தண்டுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, கிழங்கை உதறி, ஏப்ரனில் போட்டுக்கொண்டாள். கடைசிச் செடிவரை அவளே பிடுங்கினாள். யாரும் உதவிக்குப் போகவில்லை.

ஜாக்கிகள் ஏறின. வீடு ஒரு நீண்ட முனகலோடு எழுந்தது. புதுக் கட்டையைச் செருக வசதியாக முன்பக்கத்துத் தகட்டையும் தார்த்தாளையும் பலகையையும் கீழிருந்து தோள் உயரம் வரை கழற்றியிருந்தார்கள். அழுகினது அடியில் இருந்த ஒன்று மட்டும்தான். அதற்கு மேலே கட்டைகள் மஞ்சளாக, உலர்ந்து, கோடரியின் ஒவ்வொரு வெட்டும் நேற்று விழுந்ததுபோல் நின்றன. மழை படாமல் காத்தது அவள் அடிக்க வைத்த தகடு. ரோவீனா கத்தியைக் கையில் பிடித்தபடி, பாதி தோல் சீவிய கிழங்கை மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்பது முகத்தில் தெரிந்தது.

டெல்ஃபியா கட்டையின்மேல் உள்ளங்கையை வைத்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதைத் தொட்டதில்லை. தொடுவதற்கு முன்பே மூடச் சொல்லிவிட்டாள்.

மத்தியானத்துக்குள் ஓக் கட்டை இடத்தில் உட்கார்ந்தது. ஜாக்கிகளை மெள்ள மெள்ள இறக்கினார்கள். ஒரு பெருமூச்சுபோல் வீடு அதன்மேல் அமர்ந்தது. எல்லாரும் சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்து, ஹோபர்ட் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு அவளிடம் வந்தான். எதற்கும் தொப்பி கழற்றாதவன்.

"டெல்ஃபியா, ஆணியும் இருக்கு, தகடும் இருக்கு. மூடணுமா, விடணுமா? நீ சொல்றதுதான்."

ஓடைக்காரர்கள் ஆளுக்கொரு திசையில் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். ரோவீனா பானையைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

டெல்ஃபியா சுவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"மூடுங்க" என்றாள். ஹோபர்ட் தலையாட்டிவிட்டுத் திரும்பும்போது, "குளிருக்கு" என்று சேர்த்தாள். "குளிருக்காகத்தான் சொல்றேன்."

"நான் வேற எதுவும் கேக்கலையே."

"உன் மூஞ்சி கேட்டுச்சு. அப்புறம் கீழ சிமென்ட் கல்லு வேண்டாம். மண்ணும் வேண்டாம். பாக்கிறவங்க பாத்துக்கட்டும்."

அப்படியே செய்தார்கள். முதல் பனிப்பொழிவு அடுத்த வாரம் வந்தது. பரிசோதகர் வந்து, குனிந்து பார்த்து, சமையலறையில் ஒரு துண்டு கேக் சாப்பிட்டுவிட்டுப் போனார். பாதையில் போகிறவர்களுக்கு வெள்ளைத் தகட்டின் கீழே புது ஓக் கட்டையும் கல் தூண்களும், வீட்டுக்கு அடியில் படுத்திருக்கிற நாயும் தெரிந்தன. ரோவீனாவின் குழுவால் அந்த வீட்டை எந்தப் பாதுகாப்புப் பட்டியலிலும் சேர்க்க முடியவில்லை. ஆனாலும் அவள் வருஷத்துக்கு ரெண்டு தடவை வந்து, காபி குடித்து, ஜன்னல் திண்டில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். திரையைத் தள்ளி வைக்க டெல்ஃபியா ஆட்சேபித்ததில்லை.

அதற்குப் பிறகு ஏழெட்டுக் குளிர்காலம் அவள் அங்கேயே இருந்தாள். ஒரு மார்ச் மாதம், நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாள். அவர்கள் வழக்கப்படி முன்னறையில் கிடத்தி, சுற்றி உட்கார்ந்தார்கள். ஓடையே வந்துவிட்டது. சபையார் பாட ஆரம்பித்ததும் வாசலில் நின்றவர்களும் உள்ளே நெருக்கிக்கொண்டு வந்தார்கள். ஹோபர்ட், பாவம், பாட்டு நடுவிலேயே, "எல்லாரும் ஒரே பக்கமா நிக்காதீங்க, கொஞ்சம் பரவி நில்லுங்க" என்று விரட்டிக்கொண்டிருந்தான்.

"நீ போட்ட கட்டைதானே?" என்றாள் ஓமா. "உனக்கே நம்பிக்கை இல்லையா?"

சுவரோரமாகப் போய் நின்றுகொண்டான். இன்னும் ஆட்கள் உள்ளே வந்துகொண்டிருந்தார்கள்.